அப்பீலா, பேச்சா?

தப்பு பண்ணியதற்காக ஒரு மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டவள் இந்தத் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நல்லது பண்ணிய மேனேஜர்களையே நான் கும்பிட்டதில்லை. என் வாய் அப்படி, என் குணமும் அப்படி. தாம்பரத்திலிருந்து நாவலூர் வரைக்கும் எத்தனை கண்ணாடிக் கட்டடம் நிற்கிறதோ, அத்தனையிலும் மாடிக்கு நாலு மேனேஜர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும் எங்கள் அம்பயர் சாரின் தொப்பிக்கு ஈடாக மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது. சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்ததாக ஞாபகம். வாட்ச்மேன் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் அம்பயர் சார்தான். அவர் மனைவியே ஆபீஸுக்குப் போன் போட்டால், "அம்பயர் இருக்காரா? கேஸ் சிலிண்டர் வந்திருக்குன்னு சொல்லுங்க" என்றுதான் சொல்வார்.

ஆபீஸ் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், மூன்றாவது மாடியில் இருந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களுக்கு சர்வீஸ் பண்ணும் கம்பெனி. நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? ரெண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் மெஷினே உப்புக்கண்டம் ஆகிவிடும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு புகார், காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலிலிருந்து ஒன்பது புகார், நாவலூர் அபார்ட்மெண்டுகளிலிருந்து புகார் மேல் புகார். எந்த வீட்டுக்கு எந்த டெக்னீஷியன் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. பைக்கில் சுற்றும் டெக்னீஷியன்கள் இருபது பேர். அவர்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும் மேலே மேனேஜர், அம்பயர் சார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தாம்பரம் பக்கத்து மைதானங்களில் லீக் மேட்சுகளுக்கு அம்பயராக நிற்பார். மற்ற ஆறு நாளும் மேனேஜர். அதாவது, காகிதத்தில் அப்படி. உண்மையில் ஏழு நாளும் அம்பயர்தான். ஆறு நாள் வெள்ளைக் கோட்டு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்டர்வியூவில் என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கிரிக்கெட் தெரியுமா எஸ்தர்?"

"சுத்தமா தெரியாது சார். எங்க வீட்ல கிரிக்கெட் ஓடினா நான் சமையல்கட்டுக்குப் போயிடுவேன்."

"ரொம்ப சந்தோஷம். தெரிஞ்சவங்க எல்லாம் எனக்கே சொல்லிக் குடுக்க வருவாங்க. உங்களை ஸ்கோரரா போடறேன்."

ஸ்கோரர் என்றால் என்ன என்று அவரே விளக்கினார். மைதானத்தில் அம்பயர் ஒரு சிக்னல் காட்டினால், ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் பதிலுக்குக் கையைத் தூக்க வேண்டும். பார்த்துவிட்டேன், எழுதிக்கொண்டேன் என்று அர்த்தம். "நீங்க கையைத் தூக்கற வரைக்கும் நான் என் கையை இறக்க மாட்டேன். அது ரூல்" என்றார். பாவம், ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலை மீட்டிங். டெக்னீஷியன் ஒருவர், வேளச்சேரியில் ஏன் லேட் என்ற கேள்விக்கு, மச்சினிச்சி நிச்சயதார்த்தத்திலிருந்து ஆரம்பித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சார் ஒன்றுமே பேசவில்லை. ரெண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். வைடு. பேச்சு லைனை விட்டு வெளியே போகிறது என்று பொருள். டெக்னீஷியன் கப்பென்று வாயை மூடிவிட்டார். ஆனால் சார் கையை இறக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நிற்கிறார். நானோ பேனா மூடியைத் தேடி மேஜைக்கு அடியில் குனிந்திருக்கிறேன். "அக்கா, கை! கை!" என்று நாலு பக்கமும் கிசுகிசுக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் மொத்த ஆபீஸும் என்னைப் பார்க்கிறது. பதறிப்போய்க் கையைத் தூக்கினேன். உடனே இறக்கினார். மீட்டிங் தொடர்ந்தது.

அன்றைக்கே புரிந்துவிட்டது, இந்த ஆள் தமாஷ் பண்ணுகிறவர் இல்லை என்று.

மீட்டிங்குக்குள் நுழையும்போது எல்லோரும் செல்போனை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். பந்து போடுகிறவர் தன் தொப்பியையும் ஸ்வெட்டரையும் அம்பயரிடம் கொடுத்துவிட்டுப் போவாராமே, அந்தக் கணக்கு. பேன்ட் பாக்கெட் ரெண்டிலும் பதினாலு போன். அந்த பேன்ட் கீழே இறங்காமல் நின்றதே ஒரு அதிசயம். கையில் ஒரு சின்னக் கவுண்டர், ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் ஒரு க்ளிக். ஆறு க்ளிக் ஆனதும், "ஓவர்" என்பார். அவ்வளவுதான், மீட்டிங் முடிந்தது. ஏழாவது விஷயம் பேச வாயைத் திறந்தவர்களை நான் பார்த்ததில்லை. நாவலூரில் இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒரு மீட்டிங் ஆரம்பித்தால் உள்ளே போனவர் தாடியோடுதான் வெளியே வருகிறார். அப்போதெல்லாம் அந்தக் கவுண்டரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன்.

ஒருநாள் மீட்டிங் நடுவில் அவருடைய இடது பாக்கெட்டிலிருந்து கீர்த்தனை பாட ஆரம்பித்துவிட்டது. என் அம்மாவுக்கு நான் வைத்திருந்த ரிங்டோன். எனக்கு உயிரே போய்விட்டது. சார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இடுப்புக்குக் கீழே ரெண்டு கையையும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினார்.

"டெட் பால். எஸ்தர், உங்கம்மா. பேசிட்டு வாங்க, நாங்க வெயிட் பண்றோம்."

பதிமூன்று பேர் காத்திருக்க, என் அம்மா என்னிடம் வீட்டில் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டார்.

ஆனால் அவருடைய பெரிய சட்டம் இதெல்லாம் இல்லை. அப்பீல்தான். கிரிக்கெட்டில், ஆட்டக்காரர் அவுட் ஆகியிருப்பது கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும், எதிர் டீம்காரர்கள் கேட்காவிட்டால் அம்பயர் அவுட் கொடுக்க மாட்டாராம். கேட்க வேண்டும். அதுவும் அடுத்த பந்து போடுவதற்குள் கேட்க வேண்டும். இதை அப்படியே கொண்டுவந்து ஆபீஸில் வைத்துவிட்டார். அவர் அறைக்குள் போய், "சார், அந்த பில்லிங் ஷீலா இருக்காளே..." என்று ஆரம்பித்தால் கேட்பார்:

"அப்பீலா, பேச்சா?"

அப்பீல் என்றால் சம்பந்தப்பட்டவரையும் உடனே கூப்பிட்டு, ரெண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்து, மூன்று விநாடியில் தீர்ப்பு. பேச்சு என்றால், "வெளியே கேன்டீன்ல போய்ப் பேசுங்க." போன மாதம் நடந்தது, போன வருஷம் நடந்தது என்று எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. "எத்தனை பந்து ஆயிடுச்சு! அப்ப எங்க போனீங்க?" என்பார். எங்கள் ஆபீஸில் புறங்கூறுவது அப்படித்தான் ஒழிந்தது. நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? எனக்கெல்லாம் புறங்கூறாமல் சாப்பாடு இறங்காது.

அப்பீல் பண்ணி, அவர் விரலைத் தூக்கிவிட்டால், அதற்குப் பிறகு மூச்சு விடக்கூடாது. வாதம் கிடையாது, முறைப்பு கிடையாது, முணுமுணுப்பு கிடையாது. இருபது டெக்னீஷியன்கள், எட்டு ஆபீஸ்காரர்கள். அந்த ஒற்றை விரலுக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டார்கள். ஏன் கட்டுப்பட்டோம் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர் ஒருநாளும் கத்தியதில்லை. எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார், பெருக்க வரும் அக்காவைக்கூட.

ரீஜனல் சார் வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஹெட் ஆபீஸிலிருந்து வருகிறவர், எங்கள் சாருக்கு மேலதிகாரி. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம். ஒரே கனவு. ஒரே இதயத் துடிப்பு" என்று முக்கால் மணி நேரம் பேசினார். எங்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது வாஷரும் ஃபில்டரும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்பயர் சார் பார்த்தார், பார்த்தார், மெதுவாக ரெண்டு கையையும் நீட்டிவிட்டார். வைடு.

ரீஜனல் சார் பேச்சை நிறுத்தினார். அவர் கண் கலங்கியது. விறுவிறுவென்று நடந்து வந்து எங்கள் சாரை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பில் வயிறு சுளுக்கிக்கொண்டது. நான் கையைத் தூக்கவில்லை. அதனால் சாரும் இறக்கவில்லை. கட்டிப்பிடித்த ரீஜனல் சாரின் ரெண்டு பக்கமும் ரெண்டு கை நீட்டியபடியே நிற்கிறது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு எப்படியோ கையைத் தூக்கிய பிறகுதான் அவர் இறக்கினார். அதற்குப் பிறகு ரீஜனல் சார் எல்லா பிராஞ்சிலும் போய்ச் சொன்னாராம்: "தாம்பரத்துல ஒரு மனுஷன் இருக்கார். என்னா ஒரு பாசம்!"

சிரித்துக்கொண்டே இருந்த எங்களை அசரடித்தது ஒரு மழை நாள். காலையிலிருந்து விடாமல் கொட்டுகிறது. சார் தொப்பியை மாட்டினார், குடையை எடுத்தார், கீழே இறங்கினார். ரோட்டோரத்து மண்ணில் குதிகாலை வைத்து அழுத்திப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கால்வாயைப் பார்த்தார். மேலே வந்து, "ஆட்டம் நிறுத்தம். ரெண்டு மணிக்கு மறுபடி பாப்போம்" என்றார். ரோட்டில் இருந்த இருபது டெக்னீஷியன்களையும் போன் போட்டுத் திரும்ப வரச் சொன்னோம். ஹெட் ஆபீஸிலிருந்து ரீஜனல் சார் கத்துகிறார்: "இங்க வெயில் அடிக்குது! நீங்க என்ன அங்க கடையைச் சாத்தறீங்க?"

"உங்க பிட்ச்சை நான் பாக்கல சார். என் பிட்ச்சை நான் பாத்தேன்."

பன்னிரண்டு மணிக்கு வரதராஜபுரம் பக்கம் பைக் சீட் அளவுக்குத் தண்ணீர். எங்கள் ஆட்கள் இருபது பேரும் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சரியாக ரெண்டு மணிக்கு சார் மறுபடி குடையோடு இறங்கினார். முதல் படி முங்கிவிட்டது. ரெண்டாவது படியில் நின்று தண்ணீருக்குள் குதிகாலை விட்டு அழுத்திப் பார்த்துவிட்டு மேலே வந்து, "மைதானம் இன்னும் தயாராகல" என்று அறிவித்தார். சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதிக்கு மேல் பிரமிப்புதான். என்ன மனுஷன்டா இவர் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன்.

இப்போது தனசேகர் கதைக்கு வருகிறேன். சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை.

தனசேகர் ஊரப்பாக்கத்துக்காரர், எட்டு வருஷ டெக்னீஷியன். கை சுத்தம், வேலை சுத்தம். ஒரே ஒரு குறை, எனக்கு மட்டும் குறை. வேலை முடிந்ததும் போனில் பதிவு போட மாட்டார். நான் கூப்பிட்டுக் கேட்டால், "இரு மேடம், கையெல்லாம் ஈரமா கீது. பேஜார் பண்ணாத" என்பார். ஒருநாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் கை ஈரம். எனக்கு உள்ளுக்குள் ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாவலூரிலிருந்து மூன்று பக்கத்துக்கு மெயில் வந்தது. அஞ்சு டவர் இருக்கும் பெரிய அபார்ட்மெண்ட். எங்கள் பிராஞ்சுக்குப் பெரிய கான்ட்ராக்ட்டே அதுதான். திங்கட்கிழமை ரெண்டாவது டவர் 704-இல் எங்கள் ஆள் சர்வீஸ் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், பைப் கழன்று வீடெல்லாம் தண்ணீர். மரத்தரை அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. கீழ்வீட்டு சீலிங்கும் ஒழுகுகிறது. யார் வந்தது, அவர்மேல் என்ன நடவடிக்கை என்று அசோசியேஷன் செக்ரெட்டரி கேட்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் பார்த்தேன். தனசேகர். எனக்குள் ஏதோ ஒன்று துள்ளிக் குதித்தது. ஆமாம், சந்தோஷம்தான். மறைப்பானேன்? நேராக சாரிடம் போய், "சார், அப்பீல்!" என்றேன். அந்த 'அப்பீல்' மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

தனசேகரைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். நான் பதிவைக் காட்டினேன், மெயிலைக் காட்டினேன். சார் பார்த்தார். ஒன்று, ரெண்டு, மூன்று விநாடி. விரல் மேலே போனது.

"சார்..." என்று தனசேகர் வாயைத் திறந்தார். உடனே விழுங்கிக்கொண்டார். விரல் தூக்கிய பிறகு பேசக்கூடாது என்ற சட்டத்தை எங்கள் ஆபீஸிலேயே முழுசாக நம்பியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரப்பாக்கத்தில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுகிற ஆள். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் கையைத் தூக்கினேன், சார் விரலை இறக்கினார். சம்பந்தப்பட்ட டெக்னீஷியன் நீக்கப்பட்டார் என்று ஒரு மணி நேரத்துக்குள் செக்ரெட்டரிக்குக் கடிதம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வந்து டூல் பேகை ஒப்படைத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளும்படி தனசேகரிடம் சொன்னார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இன்னொரு டெக்னீஷியன் பிரகாஷ் லட்டு டப்பாவோடு வந்தான். புதுமாப்பிள்ளை. கல்யாண லீவு முடிந்து அன்றைக்குத்தான் தலைகாட்டுகிறான். நான் லட்டை வாயில் போட்டேன்.

"அக்கா, நாவலூர் ரெண்டாவது டவர் 704-க்கு அந்த வாஷரை யாராச்சும் போய் மாத்தினாங்களா?"

"அதை ஏன் நீ கேக்கற?"

"என்னக்கா நீங்க! திங்கக்கிழமை அங்க போனது நான்தானே? தனசேகர் அண்ணன் நாலாவது டவர் 704 இல்ல? வாஷர் தேஞ்சு போச்சு, வேற வாஷர் கொண்டு வர்ற வரைக்கும் வால்வைத் திறக்காதீங்கன்னு எழுதிக் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுதான் வந்தேன். சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே. நீங்ககூட 'சரி சரி, போய் நல்லபடியா தாலி கட்டு'ன்னு சொன்னீங்களே."

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்தில் சரியாகத்தான் இருந்தது. ரெண்டாவது டவர் 704 பிரகாஷ், நாலாவது டவர் 704 தனசேகர். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மாற்றிப் போட்டிருக்கிறேன். பிரகாஷ் எழுதிக் கொடுத்தும் வால்வைத் திறந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனது அந்த வீட்டுக்காரர்கள்தான். வாயிலிருந்த லட்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

பதினோரு நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரில் கடிகாரம் எதிரேதான் இருந்தது. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பிரகாஷ் லட்டு கொடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் தனசேகர் வேலை போகும். இந்தத் தொழிலில் ஒரு கம்பெனியில் நீக்கிவிட்டார்கள் என்றால் இன்னொரு கம்பெனியில் சேர முடியாது. சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸாப் குரூப். தனசேகருடைய பெரிய பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். டூல் பேகைக் கொடுத்துவிட்டு, ஸ்டோர் வாசலில் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து நேராக சார் அறைக்குப் போனேன். உள்ளே ரீஜனல் சார், பக்கத்தில் அசோசியேஷன் செக்ரெட்டரி. நடவடிக்கை எடுத்தோமா என்று நேரில் உறுதி பண்ணிக்கொள்ள வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம் வாம்மா" என்றார் ரீஜனல் சார்.

அம்பயர் சார் என் முகத்தைப் பார்த்தார். "அப்பீலா, பேச்சா?"

"அப்பீல் சார். என் பேர்லயே" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அன்னைக்குப் பண்ண அப்பீலை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"வாபஸ் வாங்க நீங்க கேப்டன் இல்ல எஸ்தர். அவுட் குடுத்தது நான். நோட்டைப் பாக்கணும், பிரகாஷைக் கேக்கணும். ரெண்டையும் பண்ணாம மூணு செகண்ட்ல விரலைத் தூக்கினவன் நான்." ஜன்னலுக்குப் போனார். "பவுண்டரி தாண்டிட்டாரா?"

ஆட்டக்காரர் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாதாம். எனக்கு அப்போது அது தெரியாது. ஆனால் அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. தனசேகர் பைக்கைத் தள்ளிக்கொண்டு கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்ல சார்."

ரீஜனல் சார் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "லெட்டர் குடுத்தாச்சு. ஆளும் போயாச்சு. அதோட விடுங்க சார். கஸ்டமர் உக்காந்திருக்கார்."

அம்பயர் சார் ஓடினார். அந்த மனுஷன் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. வாசல் வரை ஓடியவர் திரும்பி வந்து, கொக்கியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடினார். தொப்பி இல்லாமல் மைதானத்தில் இறங்க மாட்டாராம்! மூன்று மாடி. பின்னால் நான், எனக்குப் பின்னால் ஷீலா, பிரகாஷ், லட்டு டப்பா, மொத்த ஆபீஸ். ரீஜனல் சாரும் செக்ரெட்டரியும்கூட.

இழுத்துச் சாத்தும் கேட்டுக்குக் கீழே இரும்புத் தண்டவாளம் ஓடும். தனசேகரின் முன் சக்கரம் அதைத் தாண்டிவிட்டது. பின் சக்கரம் உள்ளே இருந்தது. சார் முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்குகிறது, பேச்சு வரவில்லை. ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோனார். வலது கையால் இடது தோளையும், இடது கையால் வலது தோளையும் தொட்டபடி நின்றார்.

தனசேகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் அம்பயர் என்பவர் பேட்டிங் டீமின் கடைசி ஆள். அவருக்கு அவுட் கொடுக்கவே மனசு வராது. இந்த சிக்னலை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

"இன்னா சார் இது! தோப்புக்கரணமா? எனக்குப் போயி நீ ஏன் சார் தோப்புக்கரணம் போடுற?" என்று பதறி, பைக்கை அப்படியே விட்டுவிட்டார். அது படாரென்று உள்பக்கமாகச் சாய்ந்தது.

"இல்ல தனசேகர். இது சிக்னல். நான் குடுத்த முடிவு தப்பு. திரும்ப எடுத்துக்கறேன். நீங்க நாட் அவுட்."

தனசேகர் ஓர் அடி கிட்டே வந்தார். "நெசமாவா சார்? அன்னிக்கி எட்டு வூடு பாத்தேன். நாந்தான் டைட்டு பண்ண மறந்துட்டனோன்னு நாலு நாளா தூக்கமே இல்ல சார். அந்த வூட்டுக்காரங்க மூஞ்சே தெரியல. ஆனா தெனிக்கும் மனசுல அவங்க கையில மன்னிப்பு கேட்டுகினு இருந்தேன்."

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். யாரோ தோளைத் தட்டினார்கள். "அக்கா, கை. கை, அக்கா." நிமிர்ந்து பார்த்தேன். சார் இன்னும் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. மொத்த ஆபீஸ், மேலதிகாரி, கஸ்டமர், வாட்ச்மேன் எல்லோர் எதிரிலும் கைகளைக் குறுக்கே போட்டுக்கொண்டு, தொப்பி கோணலாக, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையைத் தூக்கினேன். அப்புறம்தான் இறக்கினார். தூக்கிய கையோடு இன்னொரு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டேன்.

"ஒரு தலைவர்னா சொன்ன சொல் மாறக்கூடாது சார். இனிமே உங்க ஆளுங்க உங்களை மதிப்பாங்களா?" என்று அங்கேயே கேட்டார் ரீஜனல் சார்.

"சார், ரூல் எழுதினவங்களுக்கு அம்பயரைப் பத்தி நல்லா தெரியும். தப்பு பண்ணுவான்னு தெரிஞ்சுதான் அதுக்குன்னே ஒரு சிக்னல் வெச்சிருக்காங்க" என்றார் சார்.

செக்ரெட்டரியிடமும், "முடிவு என்னோடது, தப்பும் என்னோடது" என்றார். அவர்கள் எதிரிலேயே நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தும், என் பெயர் அவர் வாயிலிருந்து கடைசி வரை வரவே இல்லை; என் வேலை தப்பியது. கான்ட்ராக்ட் போய்விட்டது. ஒரே மாதத்தில் சாரை மேனேஜர் பதவியிலிருந்து எடுத்து, ஊரப்பாக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கோடவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிப்பிடித்த பாசமெல்லாம் எங்கே போனதோ!

போகிற அன்று அவருடைய தொப்பியை நான்தான் கவரில் போட்டுக் கொடுத்தேன். "என்னாலதானே சார் எல்லாம்? கஷ்டமா இல்லையா?" என்றேன்.

"ஓவர் முடிஞ்சா அம்பயர் ஓரமா போய் ஸ்கொயர் லெக்ல நிக்கணும் எஸ்தர். அங்கேருந்தும் ஆட்டம் தெரியும்" என்றார். படியில் ரெண்டு அடி இறங்கியவர் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அப்பீல் பண்ணீங்களே, பந்தைப் பாத்தீங்களா, ஆளைப் பாத்தீங்களா?"

ஆளைத்தான் பார்த்தேன். அவருக்கும் தெரியும். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியது மொத்தமே அவ்வளவுதான். இன்றைக்கும் அது சுடுகிறது.

இப்போது நாவலூரில் என் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒரு பெண்ணை எல்லோர் எதிரிலும் தப்பாகத் திட்டிவிட்டேன். பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்தது. எழுந்து நின்றேன், கைகள் தாமாகவே தோளுக்குப் போய்விட்டன. "மேம், ஏசியைக் குறைக்கணுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். விளக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்தக் கேட்டருகே அவர் பண்ணியது எவ்வளவு பெரிய காரியம் என்று. தனசேகர் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டு மெஷினையும் அவர்தான் பார்க்கிறார். கை ஈரத்தோடு.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது, தாம்பரத்தில் ஒரு மைதானத்தின் பக்கமாக ஆட்டோ போனது. தூரத்தில் அந்தத் தொப்பி தெரிந்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி, கயிற்றோரம் போய் நின்றேன். சாருக்கு வயசாகிவிட்டது. பந்து ஆட்டக்காரரின் காலில் பட்டு ஓடியது, ரன் எடுத்தார்கள். சார் ஒரு முழங்காலைத் தூக்கிக் கையால் தட்டினார். லெக் பை. அந்தப் பக்கம் கொட்டகைக்குள் ஸ்கோரர் டீ குடித்துக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. சார் ஒற்றைக் காலில் நிற்கிறார், லேசாக ஆடுகிறார், காலை இறக்க மாட்டேன் என்கிறார்.

என்னையறியாமல் என் கை மேலே போனது. அதே நேரத்தில் ஸ்கோரரும் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கலாம், எனக்குத் தெரியாது. சார் இந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்தார், காலை இறக்கினார். ஆட்டம் தொடர்ந்தது. நான்தான் ரொம்ப நேரம் கையை இறக்கவே இல்லை.